பருமனான பிள்ளைக்கு வைட்டமின் டி குறைவு: எவ்வளவு மருந்து, எத்தனை வாரம், அதன் பிறகு என்ன?

கேள்வி இதுதான். மகனுக்கு 11 வயது, எடை 62 கிலோ, உயரம் 145 செ.மீ. அடிக்கடி கால் வலி என்கிறான். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 நானோகிராம் என்று வந்திருக்கிறது. மருந்துக்கடையில் 60,000 யூனிட் சாஷே கொடுத்திருக்கிறார்கள். ஒல்லியான பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அளவே இவனுக்கும் போதுமா, எத்தனை நாள் கொடுப்பது, வெயிலில் நிறுத்தினாலே சரியாகாதா, இதைக் கொடுத்தால் எடை குறையுமா?

சுருக்கமான பதில்: இவனுக்கு மருந்து அதிகம் தேவை, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ரத்தத்தில் எட்டவேண்டிய எண் மற்ற பிள்ளைகளுக்கு உள்ளதுதான், அதில் மாற்றம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் மருந்து போதாமல் போகிறது, இன்னொரு பக்கம் மாதக்கணக்கில் சாஷேவாகக் கொடுத்து அளவு மீறுகிறது.

முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதில் இருக்கவேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. உடலின் கையிருப்பைக் காட்டுவது அதுதான். 1,25-டைஹைட்ராக்சி என்று இருந்தால் அது வேறு சோதனை; கையிருப்பு வற்றியிருக்கும்போதும் அது இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். அடுத்து அலகு. நம் ஊர் லேப்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் தருகின்றன. வெளிநாட்டு ரிப்போர்ட் என்றால் நானோமோல் கணக்கில் இருக்கும், அதை 2.5ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரையோ, பயோட்டின் கலந்த மிட்டாய் போன்ற ‘கம்மி’யோ (gummy) சாப்பிடும் பிள்ளைகளுக்கு, சில கருவிகளில் வைட்டமின் டி உண்மையைவிட அதிகமாகத் தெரியும். ரத்தம் கொடுக்கும் முன் சில நாட்கள் அதை நிறுத்திவிடுவது நல்லது.

எண்ணுக்கு என்ன பொருள்? பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டில் 30க்குக் கீழே எல்லாமே குறைவு என்று தடித்த எழுத்தில் அச்சாகிறது. அது அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011இல் சொன்ன வரம்பு. 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் அந்த 30 என்ற இலக்கை அதே சங்கம் விட்டுவிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டியும், எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் குறித்த 2016ஆம் ஆண்டின் உலகளாவிய ஒருமித்த கருத்தும் பயன்படுத்தும் கணக்கு வேறு: 12க்குக் கீழே குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20க்கு மேல் போதுமானது. உங்கள் மகனின் 11 எந்தக் கணக்கிலும் குறைபாடுதான், சிகிச்சை தேவை. இதுவே 24 என்று வந்து, ரிப்போர்ட்டில் சிவப்பில் அச்சாகியிருந்தால், சாஷே வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பருமனான பிள்ளைக்கு ஏன் குறைகிறது? வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. தோலில் உருவானாலும் வாய்வழி வந்தாலும் உடலின் கொழுப்புத் திசு முழுவதும் பரவுகிறது. நாலு பேருக்கான சாம்பாரில் போடும் அதே ஒரு கரண்டி உப்பை நாற்பது பேருக்கான சாம்பாரில் போட்டதுபோல, அளவு ஒன்றாக இருந்தாலும் ரத்தத்தில் செறிவு குறைந்துவிடுகிறது. 2000இல் பாஸ்டனில் பெரியவர்களிடம் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பருமனானவர்கள், பருமனில்லாதவர்கள் இரு தரப்புக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிர் பாய்ச்சினார்கள். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான மூலப்பொருள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் பருமனானவர்களின் ரத்தத்தில் ஏறிய அளவு 57 சதவீதம் குறைவு. இதோடு வெளியே ஓடி விளையாடுவது குறைவதும், பால் கொழுப்பு என்று நிறுத்திவிடுவதும் சேர்ந்துகொள்கின்றன.

மருந்துக் கணக்குக்குப் போகும் முன் கால் வலியைப் பற்றி ஒன்று. இதை அவசரம் என்றே சொல்வேன். பருமனான 10 முதல் 15 வயதுப் பிள்ளை இடுப்பு, தொடை அல்லது முழங்கால் வலி என்று சொல்லி, நொண்டி நடந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி நடந்தாலோ, அதை வைட்டமின் டி கணக்கில் எழுதிவிடக் கூடாது. தொடை எலும்பின் தலைப்பகுதி அதன் வளர்ச்சித் தட்டில் வழுக்கி நகரும் நோய் ஒன்று இருக்கிறது. அது அதிகம் வருவது இந்த எடையிலும் இந்த வயதிலும்தான். கோளாறு இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தெரியும் என்பதால் முழங்காலை மட்டும் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. இரண்டு இடுப்புக்கும் நேர் படமும், தவளைபோல் கால்களை விரித்துவைத்து எடுக்கும் பக்கவாட்டுப் படமும் வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்றே பிள்ளையை நடக்கவிடாமல் எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதேபோல முழங்காலுக்குக் கீழே கால் வில்லாக வளைந்திருந்தால், அது ரிக்கெட்ஸாகவும் இருக்கலாம், பருமனில் வரும் பிளவுண்ட் நோயாகவும் இருக்கலாம். பிளவுண்ட் நோய்க்கு வைட்டமின் டி கொடுத்து வளைவு நிமிராது. எக்ஸ்ரே பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வலி, வளைவு, மணிக்கட்டு வீக்கம் போன்ற அறிகுறி இருந்தாலோ எண் 12க்குக் கீழே இருந்தாலோ கூடவே கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், முடிந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். வளரும் பிள்ளைகளுக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரியவர்களைவிட இயல்பாகவே அதிகம். லேப் அச்சடித்திருக்கும் பெரியவர் வரம்பை வைத்துப் பயப்பட வேண்டாம், வயதுக்கான வரம்பைப் பார்க்க வேண்டும்.

இப்போது அளவு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் குறைபாட்டுக்குச் சொல்வது தினம் 3,000 யூனிட் வைட்டமின் டி3, 12 வாரம். மொத்தம் 2,52,000 யூனிட். பருமனான பிள்ளைக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு என்பது 2011ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியில் வந்து இன்றும் நடைமுறையில் இருக்கும் கணக்கு. நான் இரண்டு மடங்கில் தொடங்குவதையே ஆதரிப்பேன்: தினம் 6,000 யூனிட், 12 வாரம், மொத்தம் 5,04,000. உலகளாவிய கருத்தின்படி 1 முதல் 12 வயது வரை ரிக்கெட்ஸுக்குத் தரும் 3,000 முதல் 6,000 யூனிட் என்ற வரம்புக்குள்ளேயே இது அடங்கிவிடுகிறது. மூன்று மடங்குக்கு முதலிலேயே போகத் தேவையில்லை. 12 வாரம் கழித்து எண் ஏறவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

தினமும் கொடுப்பதுதான் உடலுக்கு இயல்பானது. ஆனால் 84 நாள் விடாமல் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்காது. அதனால்தான் வாரம் ஒருமுறை சாஷே. 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று என்றால் நாளுக்குச் சுமார் 8,500 யூனிட். எட்டு வாரத்தில் எட்டு சாஷே, மொத்தம் 4,80,000. தினம் 6,000 வீதம் 12 வாரம் கொடுப்பதற்கு ஏறக்குறைய சமம். ஒல்லியான பிள்ளைக்கு இதில் பாதியே போதும். உங்கள் மகனுக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது நியாயமான திட்டம். கால்சியம், கிரியாட்டினின் முடிவைப் பார்த்து மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும். கிழமையும் எத்தனை சாஷே என்பதும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.

கிழமையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், வைட்டமின் டி நச்சுத்தன்மை இப்படியான தவறில் வருவதுண்டு. வாரம் ஒன்று என்று சொன்னதை தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு முப்பது நாள் கொடுத்தால் 18 லட்சம் யூனிட் உள்ளே போய்விடும். பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், வயிற்று வலி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு ஆகியவை ரத்தத்தில் கால்சியம் ஏறியதன் அறிகுறிகள். சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியலாம். கொழுப்பில் சேமிக்கப்படும் பொருள் என்பதால் மருந்தை நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டு, காலண்டரில் வட்டம் போட்டு, எட்டே எட்டு சாஷே மட்டும் வாங்கி வையுங்கள். கடையில் பெட்டியாக வாங்க வேண்டாம்.

சொட்டு மருந்திலும் சிரப்பிலும் இதே ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. ஒரு மில்லிக்கு 400 யூனிட், 800 யூனிட் என்று சொட்டு மருந்துகள் இருக்கின்றன. 5 மில்லி குப்பியிலேயே 60,000 யூனிட் அடங்கிய நானோ சிரப்பும் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருக்கும். கடைக்காரர் மாற்றித் தரும்போது ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதை லேபிளில் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். லேபிளில் மைக்ரோகிராம் என்று இருந்தால் 40ஆல் பெருக்குங்கள், யூனிட் வரும்.

இன்னொரு குழப்பம் கால்சிட்ரியால். எலும்புக்கு நல்லது என்று 0.25 மைக்ரோகிராம் கால்சிட்ரியால் கலந்த கால்சியம் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அது செயல்படும் நிலையில் உள்ள ஹார்மோன், சிறுநீரக நோய் போன்ற சில நிலைகளுக்கானது. கையிருப்பை அது நிரப்பாது. மூன்று மாதம் சாப்பிட்டாலும் 25-ஹைட்ராக்சி எண் 11லேயே நிற்கும், கால்சியம் மட்டும் ஏறக்கூடும். வாங்கும் மருந்தில் கோலிகால்சிஃபெரால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் வைட்டமின் டி3.

ஊசி தேவையில்லை. 6 லட்சம் யூனிட் ஊசியை ஒரே தடவையில் போட்டு முடித்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது வலிக்கும், உறிஞ்சப்படும் வேகம் சீராக இருக்காது, பருமனான உடலில் ஊசி தசைக்குப் போகாமல் கொழுப்பிலேயே நின்றுவிடவும் கூடும். ஏறிவிட்டால் இறக்க வழியில்லை. குடல் நோய் இல்லாத பிள்ளைக்கு வாய்வழியே போதும்.

சாஷேவை வெறும் வயிற்றில் தண்ணீரில் கலந்து கொடுப்பதைவிட பாலிலோ, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகோ கொடுத்தால் நன்றாக உறிஞ்சும். அதற்காக நெய்யும் வெண்ணெயும் கூட்ட வேண்டாம். வழக்கமான குழம்பு, பொரியலில் இருக்கும் எண்ணெயே போதும்.

கால்சியத்தை மறந்தால் இந்தச் சிகிச்சை அரைகுறை. கையிருப்பு மிகக் குறைந்திருந்த எலும்பு, வைட்டமின் டி வந்ததும் ரத்தத்திலிருந்து கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் கால்சியம் இல்லாவிட்டால் விரல்கள் மரத்துப்போதல், கை இழுத்துக்கொள்ளுதல், அரிதாக வலிப்புகூட வரலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 10 முதல் 12 வயதுக்கு நாளுக்கு 850 மில்லிகிராம் என்று சொல்கிறது. எடை குறைக்கிறோம் என்று பாலையும் தயிரையும் நிறுத்தியிருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். கொழுப்பு குறைத்த பால், தயிர், மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 400 மில்லி, சர்க்கரை இல்லாமல். அதில் 480 மில்லிகிராம் வந்துவிடும். 50 கிராம் கேழ்வரகில் 170க்கு மேல் கிடைக்கும். மிச்சத்துக்கு முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. சத்துப்பானப் பொடி வேண்டாம், அதில் சர்க்கரை வருகிறது. பாலே ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தால், 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்பதில் உண்மையான கால்சியம் 200தான் என்பதை நினைவில் வையுங்கள். 1,250 என்று எழுதியிருந்தால்தான் 500 கிடைக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தரும் நாளில் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடவும், கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது.

வெயிலில் நிறுத்தினால் போதாதா? 11 என்ற எண்ணிலிருந்து ஏற்றுவதற்குப் போதாது, ஏற்றியதைக் காப்பதற்கு நிச்சயம் உதவும். காலை ஆறரை, ஏழு மணி இளவெயிலில் வைட்டமின் டி உருவாகாது என்றே வைத்துக்கொள்ளலாம். தேவையான புற ஊதா பி கதிர் அப்போது தரைக்கு வந்து சேர்வதில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே சரியான நேரம். தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை; மார்கழி, தை மாதங்களில் இதைவிடக் குறைவு. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன்படாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தோல் கருமையாக இருக்க இருக்க நேரம் கூட வேண்டும். கையும் காலும் வெளியே தெரிய வாரம் நாலைந்து நாள் அரை மணி நேரம் என்பது நியாயமான இலக்கு. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் பருமனான பிள்ளையை நிறுத்திவைக்காதீர்கள்; உடல் சூடு சீக்கிரம் ஏறும். பத்து மணியை ஒட்டியோ மூன்று மணிக்குச் சற்று முன்போ பந்து விளையாட விடுங்கள். பள்ளியின் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அதைப் பள்ளியில் போய்க் கேட்பது இந்தப் பிள்ளைக்கு மருந்து வாங்குவதற்குச் சமமான வேலை.

உணவிலிருந்து வருவது குறைவு. ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட், செறிவூட்டிய பால் ஒரு லிட்டரில் 200 முதல் 300 யூனிட். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன் நல்லது, பொரிக்காமல் குழம்பில் போட்டால் இன்னும் நல்லது.

மறு பரிசோதனை எப்போது? மருந்து தொடங்கிய பன்னிரண்டாவது வாரம். 25-ஹைட்ராக்சி பாதியாகக் குறைய இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால், நாலாவது வாரத்திலோ கடைசி சாஷே போட்ட மறுநாளோ பார்த்தால் நிலையான எண் தெரியாது. எட்டாவது சாஷேவுக்குப் பின் நாலு வாரம் விட்டுப் பார்ப்பது சரி. 20க்கு மேல் வந்தால் போதும். 28 வந்திருக்கிறதே, 50 ஆக்கலாமா என்று இன்னொரு சுற்று ஓட்ட வேண்டாம். அதனால் எலும்புக்குக் கூடுதல் நன்மை கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 100ஐத் தாண்டினால் நச்சுத்தன்மைப் பகுதி.

எண் ஏறவே இல்லை என்றால் உடனே மருந்தைக் கூட்டக் கூடாது. முதலில் எட்டு சாஷேவும் உண்மையிலேயே போனதா என்று பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைக்கும். அடுத்து மருந்து சரியானதா, கால்சிட்ரியாலா? வலிப்புக்கு ஃபெனிட்டாயின், ஃபெனோபார்பிட்டோன், கார்பமசெபின் சாப்பிடுகிறானா? ஸ்டீராய்டு உண்டா? எடை குறைக்க ஆர்லிஸ்டாட் கொடுக்கிறார்களா? அது கொழுப்போடு வைட்டமின் டியையும் வெளியேற்றிவிடும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, கோதுமை ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய், கல்லீரல் கோளாறு இருக்கிறதா? இவை எதுவும் இல்லை என்றால் மூன்று மடங்கு அளவை யோசிக்கலாம், மருத்துவரின் கண்காணிப்பில், கால்சியத்தையும் பார்த்துக்கொண்டு. சிறுநீரகக் கல் வந்த பிள்ளை, காசநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை என்றால் தொடக்கத்திலிருந்தே இந்தக் கண்காணிப்பு வேண்டும். காசநோயில் கால்சியம் தானாகவே ஏறக்கூடும்.

பலர் கோட்டைவிடுவது எட்டு சாஷேவுக்குப் பின்னால்தான். எண் 25 வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி 12, மறுபடி ஒரு சுற்று. உடலின் கொழுப்பு அப்படியே இருக்க, மருந்து மட்டும் நின்றால் எண் கீழே வரத்தான் செய்யும். சாதாரணப் பிள்ளைக்கு நாளுக்குத் தேவை 600 யூனிட். இவனுக்கு 1,200 முதல் 1,800 வரை. தினம் 1,000 யூனிட் மாத்திரை ஒன்றோடு வெயிலும் உணவும் சேர்ந்தால் போதும். அல்லது மாதம் ஒரு 60,000 சாஷே, அது நாளுக்கு 2,000 யூனிட் கணக்கு. இரண்டில் ஒன்று மட்டும். 9 முதல் 18 வயதுக்கு மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது, கால்சியம் மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் வரும் யூனிட்டையும் அதில் சேர்க்க வேண்டும். பருமன் இருக்கும் வரை இது தொடரும். எடை குறையும்போது எண் தானாகவே கொஞ்சம் ஏறும், அப்போது அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

எடை குறையுமா என்ற கடைசிக் கேள்விக்கு: குறையாது. பருமன் வைட்டமின் டியைக் குறைக்கிறது. வைட்டமின் டி குறைவு பருமனை உண்டாக்குகிறது என்பதற்கான தெளிவான ஆதாரம், 2013இல் வந்த பெரிய மரபணு ஆய்வு உட்பட, கிடைக்கவில்லை. அதனால் இந்த எண்ணைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கான பிஎம்ஐ இவனுக்கு 29.5, இந்திய வரைபடத்தில் பருமன் கோட்டுக்கு வெகு மேலே. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கிறதா பாருங்கள், அழுக்கு என்று தேய்க்க வேண்டாம், அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், கல்லீரலுக்கு ஏஎல்டி ஆகியவற்றை அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். எடை ஏறிக்கொண்டே உயரம் மட்டும் நின்றுவிட்டால் தைராய்டையும், மருத்துவர் சொன்னால் கார்ட்டிசோலையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் பருமன் இல்லாத தம்பி, தங்கை இருந்தால், அண்ணனுக்குக் கொடுக்கும்போது இவர்களுக்கும் ஒன்று என்று சாஷே உடைக்காதீர்கள். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்குப் பரிசோதனையும் தேவையில்லை. சாப்பாட்டிலும் வெயிலிலும் கிடைக்கும் 600 யூனிட்டே போதும். ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை இருந்தால் மட்டும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து, மில்லிக்கு எத்தனை யூனிட் என்று லேபிளைப் படித்துவிட்டு.